வெள்ளை பூசிய சிறுத்தைகள்

டென்மார்க் எந்த எதிரியை மனத்தில் வைத்து லெப்பர்ட் 1 டாங்கிகளை வாங்கியதோ, அந்த எதிரியின் முன்னால் அவை போய் நிற்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் அவற்றை வாங்கிய ராணுவமே அவற்றை விற்றுவிட்டது. நடுவில் ஒருமுறை, யாரும் எதிர்பார்க்காத ஊரில், யாரும் எதிர்பார்க்காத நிறத்தில் அவை சண்டையும் போட்டுவிட்டன.

மேற்கு ஜெர்மனி இந்த டாங்கியை வடிவமைத்தபோது 2ஆம் உலகப்போர் முடிந்து பதினைந்து ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. போர்ஷே நிறுவனத்தின் வடிவமைப்பு. 1965 முதல் மியூனிக்கில் கிராவுஸ்-மாஃபை ஆலையில் உற்பத்தி. அந்தக் காலத்துப் பொறியாளர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: கவசத்தைத் துளைக்கும் புதுவகைக் குண்டுகள் வந்துவிட்டன, எவ்வளவு தடித்த எஃகும் இனி தாங்காது. பிறகு எதற்கு அதைச் சுமந்து திரிய வேண்டும்? லெப்பர்டின் முகப்புத் தகடு 70 மில்லிமீட்டர்தான். மொத்த எடை நாற்பது டன்னை ஒட்டி. மிச்சமான எடையை வேகமாக மாற்றிக்கொண்டார்கள்: 830 குதிரைத்திறன், பத்து சிலிண்டர், சாலையில் மணிக்கு 65 கிலோமீட்டர். பீரங்கியை மட்டும் பிரிட்டனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எல்7 எனப்படும் 105 மில்லிமீட்டர் பீரங்கி அது. அந்நாளில் மேற்குலக டாங்கிகள் பலவற்றுக்கும் அதுதான். (லெப்பர்டின் இன்ஜின் வம்சம் நமக்கும் தூரத்துச் சொந்தம். ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கியில் இருப்பது அதே எம்.டி.யூ. 838 குடும்பத்தின் பிற்காலப் பிள்ளை. அதற்கு 1,400 குதிரைத்திறன்.)

1976க்கும் 1978க்கும் இடையில் 120 லெப்பர்டுகள் டென்மார்க் வந்து சேர்ந்தன. அதுவரை அந்நாட்டின் கையிலிருந்தவை 1950களின் பிரிட்டிஷ் செஞ்சுரியன்கள். புதியவை யூட்லாந்து தீபகற்பத்துப் படைகளுக்குப் போயின. தலைநகர் கோபன்ஹேகன் இருக்கும் ஷீலாந்து தீவின் படைகள் பழைய செஞ்சுரியன்களோடே 1990கள் வரை காலம் தள்ளின. பங்கீடு ஏன் இப்படி என்பதை வரைபடம் சொல்லும். சோவியத் படை வந்தால் தரைவழியாக, ஜெர்மனியின் வடமுனையான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் வழியாக வரும். யூட்லாந்துப் படைகள் எல்லை தாண்டித் தெற்கே போய், ஜெர்மானியர்களுக்குப் பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும். நேட்டோவின் திட்டம் அது. ஆக, ஜெர்மனியில் பிறந்த டாங்கி டென்மார்க்குக் கொடி மாற்றிக்கொண்டு, ஜெர்மன் மண்ணைக் காக்கவே காத்துக் கிடந்தது.

காத்துக் கிடந்தது என்பதற்கு மேல் அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓக்ஸ்போல் பயிற்சி மைதானத்தின் மணலும் சேறும், சங்கிலிப்பட்டை மாற்றுவதும், எண்ணெய் மாற்றுவதும். பிறகு பெர்லின் சுவர் விழுந்தது. எதிரி கலைந்து போனான். ஜெர்மனியிடம் டாங்கிகள் உபரியாகக் குவிந்தன. டென்மார்க் இன்னும் 110 பழைய லெப்பர்டுகளை வாங்கிப் போட்டது. எல்லாவற்றையும் 1ஏ5-டிகே என்ற தரத்துக்கு உயர்த்தினார்கள். கணினி குறிபார்த்துக் கொடுக்கும். வெப்பத்தை உணரும் கருவி இருட்டிலும் மூடுபனியிலும் மனிதரையும் இன்ஜினையும் காட்டிக்கொடுக்கும். சண்டைக்கான காரணமே இல்லாமல் போன பிறகுதான் சண்டைக்கான சிறந்த கருவி பொருத்தப்பட்டது என்று அப்போது யாராவது கேலி செய்திருந்தால் அதில் தப்பில்லை.

1993இல் ஐ.நா. அமைதிப்படைக்காகப் போஸ்னியாவுக்குப் போக வேண்டியிருந்தது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் சேர்ந்த நோர்ட்பாட் 2 என்ற படைப்பிரிவு. அமைதி காக்கப் போகிறவர்கள் டாங்கியோடு போவதா என்று முணுமுணுப்பு எழுந்தது. டென்மார்க் தன் முடிவில் நின்றது. பத்து லெப்பர்டுகளை அனுப்பியது. ஹோல்ஸ்டெப்ரோ ஊரில் முகாமிட்டிருக்கும் யூட்லாந்து டிராகூன் ரெஜிமென்ட்டின் ஆட்கள். செர்பியத் தரப்பு வழிவிடாமல் இழுத்தடித்ததால் 1994இன் தொடக்க மாதங்களில்தான் டாங்கிகள் தூஸ்லா நகரை எட்டின. ஐ.நா.வின் வழக்கப்படி உச்சி முதல் அடிவரை வெள்ளை பூசியிருந்தார்கள். மறைந்து நின்று சுடுவதற்கென்றே தாழ்வாக, காட்டுப்பச்சையில் செய்த வண்டிக்குத் திருமண மண்டபத்துச் சுவரின் நிறம்.

1994 ஏப்ரல் 29 இரவு, தூஸ்லாவுக்குக் கிழக்கே கலேசியாவுக்கு அருகில் ஸ்வீடன் வீரர்கள் இருந்த டாங்கோ 2 என்ற கண்காணிப்பு நிலையத்தின் மீது போஸ்னிய செர்பியப் படை குண்டுமாரி பொழிந்தது. லெஃப்டினன்ட் கர்னல் லார்ஸ் மோலர் தலைமையில் ஏழு லெப்பர்டுகள் உதவிக்குக் கிளம்பின. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'பொல்லெபாங்க்', அதாவது ரவுடிகளுக்கு உதை. ஐ.நா. கோப்புகளில் இப்படியொரு பெயரை வேறெங்கும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

சராச்சி கிராமத்துப் பக்கம் செர்பியர்கள் காத்திருந்தார்கள். டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளும் மோர்ட்டார்களும் வெடித்தன. ஐ.நா. வண்டிகள் பொதுவாகச் செய்வது திரும்பிப் போவதுதான். போஸ்னியாவில் அதைப் பார்த்துப் பழகியவர்கள் அன்றும் அதையே எதிர்பார்த்திருப்பார்கள். சில டாங்கிகள் கண்காணிப்பு நிலையத்தை நோக்கி முன்னேற, மற்றவை நின்று திருப்பிச் சுட்டன. மலைச்சரிவில் ஒளிந்திருந்தவர்களுக்கு இருட்டு உதவவில்லை. புதிதாகப் பொருத்திய வெப்பநோக்கிக்கு அவர்கள் பளிச்சென்று தெரிந்தார்கள். ஒரு வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்தது. விடிவதற்குள் லெப்பர்டுகள் 72 குண்டுகளைச் செலவழித்திருந்தன. டென்மார்க் தரப்பில் உயிரிழப்பு இல்லை. செர்பியத் தரப்பு ஒப்புக்கொண்ட எண்ணிக்கை ஒன்பது பேர். ஊரில் உலவிய எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு.

எழுபது மில்லிமீட்டர் எஃகு அந்த இரவில் போதுமானதாக இருந்தது என்பதைப் பெரிய தத்துவமாக்கத் தேவையில்லை. எதிரே இருந்தவர்கள் குறிதவறினார்கள், இவர்கள் தவறவில்லை, அவ்வளவே. ஆனால் அமைதிப்படை என்றால் கைகட்டி நிற்பது என்ற பேச்சு தூஸ்லா வட்டாரத்தில் அதோடு அடங்கியது. நோர்ட்பாட் என்ற பெயரைக் கிண்டலாக 'ஷூட்பாட்' என்று மாற்றிக்கூப்பிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று கிரடாசாட்ச் அருகே 'அமாண்டா' என்ற இன்னொரு நடவடிக்கையில் லெப்பர்டுகள் மறுபடி சுட்டன. அங்கே எதிரில் நின்றவற்றில் டி-55 டாங்கியும் இருந்தது, சோவியத் வடிவமைப்பு. லெப்பர்ட் எதைச் சுடுவதற்காகப் பிறந்ததோ, அதன் சாயலையாவது அன்று பார்த்துவிட்டது.

டென்மார்க் அதற்குள் அடுத்த தலைமுறைக்குத் தாவிவிட்டது. 1990களின் இறுதியில் ஜெர்மனியிடமிருந்து பழைய லெப்பர்ட் 2 டாங்கிகளை வாங்கி, 2ஏ5-டிகே என்று மேம்படுத்தியது, மொத்தம் 57. 2007இல் அவை ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்த் மாகாணத்துக்குப் போயின. 2008 ஜூலையில் புதைத்து வைத்த வெடிகுண்டில் சிக்கி ஓட்டுநர் ஒருவர் இறந்தார். அது தனிக்கதை, தனியாக எழுத வேண்டியது.

வயதான லெப்பர்ட் 1களுக்கு 2000களின் நடுவில் ஓய்வு கொடுத்தார்கள். சில அருங்காட்சியகங்களுக்குப் போயின. சுமார் நூறு டாங்கிகளை 2010இல் எஃப்.எஃப்.ஜி. என்ற ஜெர்மன் நிறுவனம் வாங்கியது. பழைய லெப்பர்டுகளைப் பிரித்து மேய்ந்து, பழுதான டாங்கிகளை இழுக்கும் வண்டிகளாக மாற்றுவதில் கைதேர்ந்த நிறுவனம் அது. அதன் ஆலை இருப்பது ஃப்ளென்ஸ்பர்க்கில், டென்மார்க் எல்லையை ஒட்டி, ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில். எந்த மண்ணைக் காக்க அவை எல்லை தாண்ட வேண்டும் என்று நேட்டோ திட்டமிட்டதோ, அதே மண்ணுக்குக் கடைசியில் லெப்பர்டுகள் போய்ச் சேர்ந்தன. விற்பனைப் பொருளாக, கொட்டகைக்குள் துருப்பிடிக்க.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. அடுத்த பிப்ரவரியில் டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றும் குறைந்தது நூறு லெப்பர்ட் 1ஏ5 டாங்கிகளை உக்ரைனுக்கு அனுப்புவதாக அறிவித்தன. விற்றவர்களே பணம் கொடுத்து, வாங்கியவர்களிடம் பழுதுபார்த்து எடுக்க வேண்டிய நிலை. பதின்மூன்று ஆண்டு நின்ற வண்டியில் ரப்பர் இறுகியிருக்கும், எண்ணெய்க்குழாய்கள் கசியும், மின்கம்பிகள் ஒன்றையொன்று மறந்திருக்கும். ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்கு உதிரிபாகம் எடுக்கும் வேலை மாதக்கணக்கில் நீண்டது.

அதற்கிடையே உக்ரைன் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். ராணுவத்தின் கையில் ஓடும் லெப்பர்ட் 1 ஒன்றுகூட இல்லை. எங்கே இருந்தன? அருங்காட்சியகத்தில். பள்ளிப்பிள்ளைகள் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்ட டாங்கிகளை டென்மார்க் ராணுவம் இரவல் வாங்கியது. ஜெர்மனியின் கிளீட்ஸ் பயிற்சி மைதானத்தில், அந்த வண்டிகளை இளமையில் ஓட்டிய தலைமுறையின் கையேடுகளும் அனுபவமும் மீண்டும் வெளியே வந்தன. ஒரு நாட்டின் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றி எத்தனை வெள்ளை அறிக்கைகள் படித்தாலும் இந்த ஒரு இரவல் சொல்வதை அவை சொல்லாது என்பது என் எண்ணம்.

2023 செப்டம்பரில் முதல் பத்து டாங்கிகள் உக்ரைனை அடைந்ததாக டென்மார்க் ராணுவம் தெரிவித்தது. அதே மாதம், போலந்தின் ஜெஷூஃப் நகரில் வந்து நின்ற இன்னொரு பத்தை உக்ரைன் ஏற்க மறுத்தது. பயிற்சியில் தேய்ந்து போயிருந்தன, பழுதுபார்க்காமல் பயனில்லை. மிச்சமும் சிறுகச் சிறுக வந்தன.

போர்முனையில் பழைய கேள்வி புது உருவத்தில் காத்திருந்தது. 1960களின் பொறியாளர்கள் கவசத்தைக் கைவிட்டது, எதிரியின் குண்டு முன்னாலிருந்து வரும் என்ற கணக்கில். இப்போது சில நூறு டாலர் பெறும் ட்ரோன் மேலிருந்து வருகிறது. உக்ரைன் மெக்கானிக்குகள் சோவியத் காலத்து வெடிகவசக் கட்டிகளை லெப்பர்டின் உடம்பெல்லாம் ஒட்டினார்கள். சுழல்கோபுரத்துக்கு மேல் கம்பிக்கூண்டு கட்டினார்கள். பல நேரங்களில் அதை முன்னே ஓட்டிச் செல்லாமல், தூரத்தில் நிறுத்தி வானை நோக்கிப் பீரங்கியை உயர்த்தி, கண்ணுக்குத் தெரியாத இலக்கைச் சுடும் தளவாடமாகவே பயன்படுத்துகிறார்கள். எதிரே இருப்பது ரஷ்ய ராணுவம். லெப்பர்டை ஓட்டுகிறவர்களின் அப்பாக்கள் சோவியத் சீருடையில் இருந்திருக்கக்கூடியவர்கள்.

டென்மார்க்கின் சொந்த டாங்கிப் படையில் இன்று இருப்பவை 44 லெப்பர்ட் 2ஏ7கள். வேண்டாமென்று ஒரே நிறுவனத்துக்கு விற்றதில் பாதிகூட இல்லை.