பெயர் இருந்த நோட்டும் பெயர் கரைந்த குப்பியும்

என் தாத்தா கிராம முன்சீப். தீர்வை வசூலோடு பிறப்பு, இறப்புக் கணக்கும் அவர் பொறுப்பு. மாதா மாதம் தாலுகாவுக்கு அனுப்பியது போக, தனக்கென்று ஒரு நகல் வைத்திருந்தார். அட்டை போன நீள நோட்டு. காளயுக்தி வருஷம் ஐப்பசி மாதத்தை, அதாவது 1918 அக்டோபர் பிற்பாதியையும் நவம்பர் முற்பாதியையும், அதில் நான் முதன்முதலாகப் புரட்டியபோது ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மற்ற மாதங்களில் நாலைந்து வரிதான் இருக்கும். அந்த மாதம் மட்டும் நாலு பக்கம். பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், வயது, தெரு, கடைசியில் காரணம். காரணம் என்ற கட்டத்தில் முதல் வரியில் ‘ஜுரம்’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ௸, ௸, ௸ என்று மேற்படிக் குறிதான் கடைசி வரை இறங்குகிறது. மூன்றாம் பக்கத்தில் ஒரே தெருவில் ஒரே வீட்டு ஆட்கள் மூன்று பேர்.

தாத்தாவைக் குறை சொல்ல முடியாது. வாந்திபேதி, வைசூரி, பிளேக் இவை மூன்றையும் பார்த்தாலே தெரியும். மலேரியாவோ டைபாய்டோ புதிதாக வந்த இன்ஃபுளுயன்சா விஷக்காய்ச்சலோ, உடம்பு கொதித்துச் செத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கட்டம்தான். அந்த வருஷம் ஜூன் 10ஆம் தேதி பம்பாயில் ஏழு போலீஸ்காரர்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் துறைமுகக் காவலில் இருந்தவர். அங்கிருந்து அந்த விஷக்காய்ச்சல் ரயில் பாதையோடு நாடெங்கும் போனது. எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்கிட வேண்டி வந்தபோது இந்திய அரசின் சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட்டுக்கு வேறு வழியில்லை. வழக்கமாக ஒரு மாதத்தில் காய்ச்சலால் சாகிறவர்களின் எண்ணிக்கையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை இன்ஃபுளுயன்சா என்று கொள்ள வேண்டியிருந்தது. அந்த மிச்சம் 1.2 கோடிக்கும் 1.8 கோடிக்கும் இடையில் என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஊர் ஊராக எழுதிய முன்சீப்களின் மேற்படிக் குறிகள்தான் அதற்கு அடிப்படை.

மனிதரிடமிருந்து இன்ஃபுளுயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தது 1933இல், லண்டனில், ஃபெரெட் என்ற கீரி போன்ற பிராணியின் மூக்கில் ஏற்றி. உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்கு நாடு ஆய்வகங்களை இணைத்துக் கண்காணிப்பு வலையைத் தொடங்கியது 1952இல். இந்தியாவின் இன்ஃபுளுயன்சா மையம் அமைந்த இடம் நம் குன்னூர். நாய்க்கடி மருந்துக்காக 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம், மலைமேல் இருந்தபடி நாட்டின் சளிக்காய்ச்சலைக் கவனித்தது.

புது இன்ஃபுளுயன்சா ஒன்று 1957 ஏப்ரலில் ஹாங்காங்கில் பரவியது, மே மாதம் சிங்கப்பூரில். மே நடுவில் சிங்கப்பூர்க் கப்பல் ஒன்றோடு காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்தது. பன்னிரண்டே வாரத்தில் எல்லா மாநிலங்களிலும் பரவிவிட்டது. இந்த முறை அது வெறும் ஜுரம் இல்லை. குன்னூரில் வைரஸைப் பிரித்து, இன்னது என்று சொன்னார்கள். 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை பதிவானவர்கள் 44,51,785 பேர். இறந்தவர்கள் 1,098. அன்று நாட்டில் சுமார் 40 கோடிப் பேர் என்றால் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் வந்தது என்று ஆகிறது. இதை நான் நம்பவில்லை. மிளகுக் கஷாயம் குடித்து வீட்டோடு படுத்திருந்தவர்களை யார் எழுதினார்கள்? ஆனாலும் எந்த ஊரில் எந்த வாரம் என்று தொடர்ந்து எழுதியதால்தான் பன்னிரண்டு வாரம் என்ற கணக்காவது நமக்குக் கிடைத்தது.

நான் இன்ஃபுளுயன்சா ஆய்வகத்தில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது வைரஸைக் கோழி முட்டையில் வளர்ப்பதுதான் வேலை. பத்து நாள் அடைகாத்த முட்டையை இருட்டறையில் விளக்கின் முன் பிடித்தால் ரத்தக் குழாய்கள் சிவப்பு வேர்போலத் தெரியும், நடுவில் குஞ்சு அசையும். காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, ஸ்பிரிட் தடவி, துளை போட்டு, தொண்டைச் சளியின் கரைசலை ஊசியால் ஏற்றி, மெழுகால் அடைப்போம். இரண்டு மூன்று நாள் கழித்து ஓர் இரவு ஃபிரிட்ஜில். மறுநாள் காலை உள்ளிருக்கும் நீரை எடுத்து, குழித் தட்டில் ரத்தச் சிவப்பணுக்களோடு கலப்போம். வைரஸ் இல்லாவிட்டால் அணுக்கள் குழியின் அடியில் இறங்கிச் சிவப்புப் பொத்தானாக உட்காரும். இருந்தால் இறங்காது, மெல்லிய ஏடாகப் படர்ந்து நிற்கும். அந்த ஏட்டை முதலில் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து பதினோரு குப்பிகள் வந்தன. பஸ் எங்கோ நின்றுபோய், பெட்டியில் ஐஸ் உருகித் தண்ணீராகி, லேபிள்களின் மை கரைந்திருந்தது. தனித்தாளில் பட்டியல் இல்லை. அப்படி வந்ததைப் போட்டிருக்கவே கூடாது, ஆனால் மனசு கேட்காமல் போட்டோம். நாலில் ஏடு படர்ந்தது. யாருடைய சளி, குழந்தையா கிழவரா, எந்த ஊர், என்றைக்குக் காய்ச்சல் என்று எதுவும் தெரியாமல் அந்த நாலையும் கணக்கில் சேர்க்க வழியில்லை. அன்று வீட்டுக்கு வந்து தாத்தாவின் நோட்டைத் திரும்ப எடுத்தேன். அவரிடம் பெயரும் தெருவும் வயதும் இருந்தன, நோய் இல்லை. என்னிடம் நோய் இருந்தது, ஆள் இல்லை.

இரண்டையும் ஒரே வரியில் பல ஆண்டுகள் விடாமல் எழுதிய பிறகுதான் இந்த நாட்டுக்கு ஒரே சளிக்காலம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தது. ஸ்ரீநகரில் இன்ஃபுளுயன்சா ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லி, புனே, கொல்கத்தாவில் தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில். தடுப்பூசியில் எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை சொல்கிறது. அதை எப்போது போட்டுக்கொள்வது என்பதை நம் மழைதான் சொல்லும்.

ஓய்வுபெற்ற பிறகும் புரட்டாசியில் புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக் கூப்பிடுவார்கள். குழித் தட்டு போய் பிசிஆர் வந்துவிட்டது, அது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் போகும்போது ஒரு டஜன் பென்சில் வாங்கிப் போவேன். பெயர், வயது, ஊர், காய்ச்சல் தொடங்கிய நாள் நான்கையும் பென்சிலால் எழுதவைத்து, அந்த லேபிளை என் முன்னாலேயே தண்ணீரில் போடச் சொல்வேன்.