ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடுகள்

ட்யூனர், சிடி பிளேயர், இசைத்தட்டுக் கருவி ஆகியவற்றின் ஒலிச் சைகையை ஆம்ப்ளிஃபயர் வாங்கிக்கொள்ளும் இணைப்பிடங்கள் இவை. பெரும்பாலும் பின்பக்கத்தில் ஜோடி ஜோடியாக ஆர்சிஏ சாக்கெட்டுகள் இருக்கும். சிவப்பு வலப்பக்க ஒலிக்கு, வெள்ளை அல்லது கறுப்பு இடப்பக்க ஒலிக்கு.

சிடி, ட்யூனர், ஆக்ஸ் என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. எல்லாம் ஒரே வகை ‘லைன்’ உள்ளீடுகள்தாம். ட்யூனர் சாக்கெட்டில் சிடி பிளேயரைச் செருகினாலும் பாடும். டேப் பகுதியில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. அங்கே ‘ரெக்’ என்று குறித்திருப்பது வெளியீடு. அதில் எதைச் செருகினாலும் சத்தம் வராது.

உண்மையிலேயே வேறுபட்டது, இசைத்தட்டுக் கருவிக்கான ‘ஃபோனோ’. சிடி பிளேயர் அதிகபட்சமாகச் சுமார் 2 வோல்ட் தரும். இசைத்தட்டுக் கருவியின் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ், காந்தம் அசையும் வகையானால், தருவதோ ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். கம்பிச்சுருள் அசையும் வகை அதனினும் பல மடங்கு குறைவு. தவிர, இசைத்தட்டில் வெட்டும்போதே தாழ்சுருதிகளை அடக்கி, உச்சசுருதிகளைத் தூக்கிவிடுகிறார்கள். 1954-இல் வந்த ஆர்ஐஏஏ நியமம் இதன் அளவை வரையறுத்தது. ஃபோனோ சுற்று அதைத் தலைகீழாக்கும்: 1,000 ஹெர்ட்ஸுடன் ஒப்பிட 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் கூட்டும், 20,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அதே அளவு குறைக்கும். ஆகவே இசைத்தட்டுக் கருவியை ஆக்ஸில் செருகினால் பாட்டு மெலிந்து கீச்சிடும்; சிடி பிளேயரை ஃபோனோவில் செருகினால் காது கொள்ளாமல் சிதறும். புதிய இசைத்தட்டுக் கருவிகள் பலவற்றில் இந்தச் சுற்று உள்ளேயே இருக்கிறது. ‘ஃபோனோ/லைன்’ சுவிட்ச் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு இணைப்பது நல்லது.

இசைத்தட்டுக் கருவியிலிருந்து கவட்டை முனையுடன் தனியே வரும் மெல்லிய எர்த் கம்பியைப் பலர் தேவையற்றதென்று விட்டுவிடுகிறார்கள். அதை ‘ஜிஎன்டி’ திருகில் முடுக்காவிட்டால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பாட்டோடு சேர்ந்து வரலாம்.

ஆர்சிஏ பிளக்கில் நடு ஊசி முதலில் தொடும், வெளிவளையம் பிறகே தொடும். இந்த இடைவெளியில் எழும் உறுமல் ஸ்பீக்கரையே கெடுக்கக்கூடும் என்பதால், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டே செருக வேண்டும். கைபேசியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆக்ஸுக்கு வயர் போட்டால், கைபேசியில் ஒலியளவை ஏறக்குறைய முழுதாக வைத்து ஆம்ப்ளிஃபயரில் குறைத்துக்கொள்ளலாம். மாற்றிச் செய்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.