திண்டுக்கல் சமவெளியில் பசுக்களின் ஈற்றிடர்: காளைத் தேர்வும் கால்நடை மருத்துவமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கால்நடை மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கொள்ளைநோய்களை மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. பசு கன்று ஈனும்போது நேரும் இடர் அவ்வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து, ஈற்றிடரின் போக்கு இனவிருத்திக் கொள்கையோடும் வேளாண் மாற்றத்தோடும் பிணைந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஈற்றிடர், காங்கேயம், கலப்பினம், செயற்கைமுறைக் கருவூட்டல், திண்டுக்கல்

முன்னுரை

கன்று தன்னியல்பில் வெளிவர இயலாத நிலை இங்கு ஈற்றிடர் எனப்படுகிறது. இதற்கான காரணங்களை இரண்டாக வகுக்கலாம். கன்றின் தலை மடங்குதல், குறுக்கே கிடத்தல், கருப்பை முறுக்கிக்கொள்ளுதல் போன்றவை ஒரு வகை. தாயின் இடுப்பெலும்பு வழிக்குப் பொருந்தாத அளவு கன்று பெருத்திருத்தல் மற்றொரு வகை. முதல் வகை எந்தத் தொழுவத்திலும் எக்காலத்திலும் நேரக்கூடியது. இரண்டாம் வகையோ எந்தக் காளையை எந்தப் பசுவோடு சேர்ப்பது என்ற மனித முடிவைப் பெரிதும் சார்ந்தது. எனவே அதற்கு ஒரு வரலாறு உண்டு.

சொல்லும் தொழுவமும்

ஈற்றைப் பற்றிய தமிழர் கவனம் தொன்மையானது. ‘புனிறு’ என்னும் சொல்லுக்கு ஈன்றணிமை என்று தொல்காப்பிய உரியியல் பொருள் வகுக்கிறது. புனிற்றா சங்க இலக்கியத்தில் இடம்பெறுகிறது. முதற்சூலைக் ‘கடுஞ்சூல்’ என்றனர். ‘கடு’ என்னும் அடை முதல் ஈற்றின் அச்சத்தைச் சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. தலையீற்றுக் கிடேரிகளிலேயே ஈற்றிடர் மிகுதி என்பதை இன்றைய மருத்துவமும் உறுதிசெய்கிறது.

மாட்டு நோய்களுக்கான மருந்துகளை மாட்டு வாகட நூல்கள் தொகுத்துரைத்தன. ஆயினும் ஈற்றின்போது உதவும் திறன் ஏட்டைவிடக் கைப்பழக்கத்திலேயே வாழ்ந்தது. எண்ணெய் தடவிய கையால் கன்றின் கிடையை அறிதல், முன்னங்கால்களில் கயிறிட்டுப் பசு முக்கும்போது மட்டும் இழுத்தல், நஞ்சுக்கொடி விழ மூங்கில் இலை ஊட்டுதல் ஆகியவை அனுபவமுள்ளோர் அறிந்தவை. விழுந்த கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டும் வழக்கமும் இருந்தது. பால் வடியும் மரம் பசுவின் பாலைப் பெருக்கும் என்பது அதன் நம்பிக்கை. பசுவோ நாயோ கொடியைத் தின்னாமல் தடுப்பது அதன் நடைமுறைப் பயன்.

உழவு மாடும் அரசு ஆவணமும்

மழை குறைந்த திண்டுக்கல் சமவெளியில் வேளாண்மை கிணற்றை நம்பியது. கிணற்றில் நீர் இறைக்கும் கமலை எருதை நம்பியது. ஆகவே பசுவின் மதிப்பு அது ஈனும் காளைக்கன்றில் இருந்தது. மேற்கே ஒட்டன்சத்திரம், பழனி வட்டாரங்கள் காங்கேயம் இனத்தின் பரப்பைச் சார்ந்தவை. கட்டான உடலும் அதற்கேற்ற சிறிய கன்றும் கொண்ட நாட்டினங்களில், கன்றின் பருமனால் நேரும் இடர் அரிது.

இறைச்சிக்கென மந்தை வளர்க்கும் மரபு இங்கு வேரூன்றவில்லை. உழைத்து ஓய்ந்த மாடுகளே இறைச்சிக்கும், திண்டுக்கல் நகரின் தோல் பதனிடும் தொழிலுக்கும் சென்றன. இறைச்சிக்காகத் தசை பெருக்கப்பட்ட பெல்ஜிய நீல இனத்தில் பெரும்பாலான கன்றுகள் அறுவை மூலமே பிறக்கின்றன. ஈற்றிடரை இனத்தேர்வே உருவாக்க முடியும் என்பதற்கு இது தெளிவான சான்று.

காலனிய அரசின் கவனம் வேறிடத்தில் இருந்தது. ஹாலன் தலைமையிலான கால்நடைக் கொள்ளைநோய் ஆணையம் 1871-இல் அறிக்கை அளித்தது. 1903-இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. கன் 1909-இலும் லிட்டில்வுட் 1936-இலும் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடை நூல்கள் இனங்களின் உடலமைப்பையும் உழைப்புத்திறனையும் விரித்துரைத்தன. ஊர் ஊராகப் பரவும் வெக்கை நோய் ஆட்சியாளருக்குப் புலப்பட்டது. ஒரு தொழுவத்தில் ஓர் இரவில் பசுவும் கன்றும் மடிவது அக்குடும்பத்தின் இழப்பாகவே நின்றது.

கறவை மாடும் மாற்றுக் காளையும்

மின்மோட்டார் பரவியபின் கமலை மறைந்தது. எருதின் தேவை சுருங்கியது. பசுவின் மதிப்பு பாலுக்கு இடம்பெயர்ந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தின் ஆதாரக் கிராமத் திட்டம், 1964-65-இல் தொடங்கிய தீவிரக் கால்நடை வளர்ச்சித் திட்டம், 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி ஆகியவை செயற்கைமுறைக் கருவூட்டலைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றன.

தமிழகத்தின் இனவிருத்திக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சியையும் மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் ஃபிரீசியனையும் பரிந்துரைத்தது. ஜெர்சிக் கன்று பிறக்கையில் சுமார் 25 கிலோ எடையும், ஃபிரீசியன் கன்று சுமார் 40 கிலோ எடையும் இருக்கும். தட்பவெப்பமும் தீவனமும் நோக்கி வகுக்கப்பட்ட இப்பாகுபாடு, சிறிய உடலுடைய சமவெளிப் பசுவுக்கு ஈற்றுக் காப்பாகவும் அமைந்தது. பால் மிகுதியை நாடி, வளர்ச்சி முற்றாத கிடேரிக்கும் பெரிய இனத்தின் விந்து செலுத்தப்படும்போது அக்காப்பு தகர்கிறது. மந்தைக் காளையைக் கண்ணால் கண்டு தேர்ந்த உழவருக்கு, உறைவிந்துக் குச்சியில் வரும் காளையின் உருவம் தெரிவதில்லை.

மருத்துவரின் கை

புதிய இடருக்குப் புதிய உதவி தேவைப்பட்டது. முதுகுத்தண்டின் வால் பகுதியில் இடும் மரப்பு ஊசி பசுவின் முக்கலைத் தணித்து, கன்றை உள்ளே தள்ளிக் கிடையைத் திருத்த வழிசெய்கிறது. கருப்பை முறுக்கத்தில், பசுவைக் கிடத்தி வயிற்றின்மேல் பலகையை அழுத்தி, முறுக்கிய திசையிலேயே உடலை உருட்டுகின்றனர். இவை பயனளிக்காதபோது அறுவை செய்யப்படுகிறது. 1989-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் திண்டுக்கல்லிலும் பயிற்சி, ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. 1962 என்னும் எண்ணில் அழைத்து நடமாடும் மருத்துவ ஊர்தியின் உதவியைப் பெறலாம்.

எனினும் காலமே இங்கு முதன்மையானது. பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லையெனில் மருத்துவ உதவி வேண்டும். பலர் கூடி வலிந்து இழுப்பது கன்றைக் கொல்வதோடு பசுவின் கருப்பையையும் கிழிக்கக்கூடும். மரபுக் கைப்பழக்கம் அருகியும் மருத்துவர் தொலைவிலும் இருக்கும் ஊர்களில் இவ்விடைவெளியே உயிரிழப்புக்கு வழியாகிறது.

முடிவுரை

எருதுக்காகப் பசு வளர்த்த காலத்தில் ஈற்றிடர் பெரிதும் கன்றின் கிடையைச் சார்ந்திருந்தது. பாலுக்காக வளர்க்கும் காலத்தில் கன்றின் பருமனும் அதனோடு சேர்ந்தது. ஈற்றிடரின் ஒரு பகுதி கருவூட்டும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. எனவே கருவூட்டல் பதிவேட்டையும் ஈற்றின் விளைவையும் இணைத்து ஆவணப்படுத்துவது மருத்துவத் தேவை மட்டுமன்று, வரலாற்றுத் தேவையும் ஆகும். தொழுவத்து இழப்பு பதிவாகும்போதுதான் இனவிருத்திக் கொள்கையின் பயனைப் பால் அளவோடு பசுவின் உயிரையும் சேர்த்து மதிப்பிட இயலும்.