வளைகுடாவிலிருந்து காரை ஊருக்குக் கொண்டுவரலாமா? சுங்க வரி விவரங்கள்

வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்து, நிரந்தரமாக ஊர் திரும்பும் சகோதரர்கள் பலரும் தாம் ஓட்டிய காரையும் கொண்டுவர விரும்புகிறார்கள். கன்டெய்னருக்குப் பணம் கட்டுமுன் இந்திய விதிகளை அறிந்துகொள்வது அவசியம்.

காருக்குப் பயணிச் சலுகை இல்லை

வீட்டுச் சாமான்களுக்குக் கிடைக்கும் சுங்கச் சலுகை காருக்குக் கிடையாது. சுங்கச் சட்டத்தில் 'பயணிச் சாமான்' என்பதில் மோட்டார் வாகனம் சேராது.

பழைய காருக்கான நிபந்தனைகள்

• தயாரித்து 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.
• ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும்.
• மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும்.

வளைகுடாவில் ஓடும் கார்கள் இடப்பக்க ஸ்டியரிங் கொண்டவை. எனவே பெரும்பாலோரின் ஆசை இரண்டாவது நிபந்தனையிலேயே நின்றுவிடுகிறது.

வரி எவ்வளவு?

காரின் விலை, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்த மதிப்பின் மீது வரி கணக்கிடப்படும். பழைய காருக்கு 125 விழுக்காடாக இருந்த அடிப்படைச் சுங்க வரி 2025 பட்ஜெட்டில் 70 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 67.5 விழுக்காடு சேர்க்கப்பட்டதால் மொத்தச் சுமை 137.5 விழுக்காடாகவே நீடிக்கிறது.

மதிப்பு 10 லட்சம் என்றால் சுங்கம் 13.75 லட்சம். இரண்டும் சேர்ந்த 23.75 லட்சத்தின் மீது ஜிஎஸ்டி. சிறிய காருக்குரிய 18 விழுக்காடு என்று கொண்டாலும் 4,27,500 ரூபாய். ஆக, வரி மட்டும் 18 லட்சத்தைத் தாண்டுகிறது!

தற்காலிகமாகக் கொண்டுவர

'கார்னெட்' என்னும் ஆவணம் பெற்றால் வரியின்றி 6 மாதம் வரை ஓட்டலாம். இதை மோட்டார் வாகனச் சங்கங்கள் பிணைத்தொகை பெற்றுக்கொண்டு வழங்குகின்றன. கெடு முடியுமுன் காரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். இங்கே விற்கக் கூடாது.

வளைகுடாவுக்குள் இடம் மாறினால்

ஜிசிசி நாடுகளின் பொதுச் சுங்கம் 5 விழுக்காடு. இதனுடன் வாட் வரி உள்ள நாடுகளில் அதுவும் உண்டு: சவூதியில் 15, அமீரகத்தில் 5 விழுக்காடு.

எச்சரிக்கை

மதிப்பைக் குறைத்துக் காட்டும் போலி பில்லைச் சில ஏஜெண்டுகள் யோசனையாகச் சொல்வார்கள். அது பொய், மார்க்கத்திலும் குற்றம், சட்டத்திலும் குற்றம். அபராதத்துடன் வண்டியும் பறிபோகலாம். மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டுக் காரை வாங்குவோரும் சுங்க ரசீதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் கேரளத்தில், பூட்டான் வழியாக வரி ஏய்த்து வந்தவை என்ற சந்தேகத்தில் பல கார்களைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அவற்றைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களும் சிக்கலில் மாட்டினர்.

வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை. அனுப்புமுன் சுங்கத்துறையிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். நம்மைக் கேட்டால், பெரும்பாலோர்க்கு இலாபமான வழி ஒன்றுதான்: காரை அங்கேயே விற்றுவிட்டு, அந்தப் பணத்துடன் ஊர் திரும்புவது.