ஓர் ஆசனமும் ஒரு கமிஷனும்

அரசாங்கக் கமிஷன் என்றதும் கட்டண விகிதங்களும் காகிதக் கட்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாநிலங்களிடை வாணிகக் கமிஷனும் அவ்வாறு பிறந்ததுதான். ரயில் கம்பெனிகள் மனம்போனபடி விதித்த கட்டணங்களால் நொந்த விவசாயிகளும் வணிகர்களும் முறையிட, 1887-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் அதனை அமைத்தது. 1935-இல், மாநில எல்லை கடந்து செல்லும் பஸ்களும் அதன் ஆளுகைக்குள் வந்தன. ஆயினும், அன்பர்களே, நான் சொல்லவிருப்பது கட்டணத்தைப் பற்றியதன்று. ஓர் ஆசனத்தைப் பற்றியது.

கமிஷனை நிறுவிய சட்டத்தில் ஒரு விதி உண்டு. போக்குவரத்துக் கம்பெனி எவருக்கும் நியாயமற்ற பாதகம் விளைவித்தல் கூடாது என்பது அதன் கருத்து. சட்டம் பிறந்த ஆண்டிலேயே அதற்குச் சோதனை வந்தது. வில்லியம் கவுன்சில் என்ற கறுப்பினக் கல்வியாளர், முதல் வகுப்புக் கட்டணம் செலுத்தியிருந்தும் அப்பெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கமிஷன் என்ன சொல்லிற்று? பெட்டிகள் வசதியில் ஒத்திருத்தல் வேண்டும். ஆனால் இனவாரியாகப் பிரித்து அமர்த்துவதில் குற்றமில்லை என்றது! ஒத்த வசதி ஏட்டோடு நின்றது. பிரிவினை மட்டும் நிலைத்தது.

அறுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1952 ஆகஸ்டில், சாரா கீஸ் என்னும் இராணுவப் பெண்மணி விடுமுறை பெற்று, நியூ ஜெர்ஸியிலிருந்து வட கரோலினாவிலுள்ள தம் வீட்டிற்குப் பஸ்ஸில் புறப்பட்டார். நள்ளிரவு வேளையில் ரோவனோக் ராபிட்ஸ் என்ற ஊரில் டிரைவர் மாறினார். புதிதாக வந்தவர், வெள்ளையர் ஒருவருக்கு இடம் விட்டு எழுமாறு அவரைப் பணித்தார். மறுத்தவர் கைதானார். இரவு சிறையில் கழிந்தது. பின் 25 டாலர் அபராதம். அவர் அணிந்திருந்ததோ நாட்டின் இராணுவச் சீருடை!

டவி ரவுண்ட்ரீ என்ற பெண் வழக்கறிஞர் இம்முறையீட்டைக் கமிஷனிடம் கொண்டுசென்றார். விசாரணை அதிகாரி அதைத் தள்ளிவிட்டார். அவர் விடவில்லை. 1955 நவம்பரில் கமிஷன் தன் பழைய கொள்கையைக் கைவிட்டு, பிரித்து அமர்த்துவதே பாதகம் என்று தீர்ப்பளித்தது. விதி, 1887-இல் இருந்த அதே விதிதான். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று முந்திய ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது துணிவு தந்தது போலும்.

துணிவு அத்துடன் தீர்ந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. தீர்ப்பைச் செயற்படுத்தக் கமிஷன் ஏறக்குறைய ஆறாண்டுகள் முனையவில்லை. தென் மாநிலப் பஸ் நிலையங்களில் ‘வெள்ளையர்’, ‘கறுப்பர்’ என்ற பலகைகள் தொங்கிக்கொண்டே இருந்தன. 1961 மே மாதத்தில் இரு இனத்து இளைஞர்களும் பெரியோரும் ஒன்றாகப் பஸ் ஏறித் தெற்கே சென்றனர். 14-ஆம் தேதி அலபாமாவில் ஆனிஸ்டன் நகருக்கருகே ஒரு கும்பல் அப்பஸ்ஸைக் கொளுத்தியது. அதன் பிறகே, அரசின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி கமிஷனை வற்புறுத்தினார். செப்டம்பர் 22-இல் ஆணை பிறந்தது. நவம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. பலகைகள் இறங்கின. இனமோ நிறமோ பாராது ஆசனம் அளிக்கப்படும், இது கமிஷனின் ஆணை என்ற அறிவிப்பு பஸ்களினுள் ஏறியது.

1995-ஆம் ஆண்டின் இறுதியில் கமிஷன் கலைக்கப்பட்டது. சாரா கீஸ் அதன்பின்னும் நெடுநாள் வாழ்ந்து, 2023-இல் மறைந்தார்.