ரேந்தை


போன சனிக்கிழமை, தையல் பைத்தியமான கூட்டாளியோடு காலிக் கோட்டைக்குப் போனேன். அங்கே ஒரு நோனா பீரலு ரேந்தை பின்னிக்கொண்டிருந்தார். உருளைத் தலையணையில் குத்திய ஊசிகளைச் சுற்றி, மரக்கட்டைகளில் சுற்றிய நூல் மாறி மாறி ஓடியது.

நம் உம்மாமார் சட்டை ஓரத்துக்குச் சொல்லும் ‘ரேந்தை’, போர்த்துக்கேயரின் ‘ரெண்டா’தான். இந்த வேலை யார் காலத்தில் வந்தது என்பதற்குச் சொல்லே சாட்சி. 1640இல் ஒல்லாந்தர் காலியைப் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். நீராவிக் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு மாறின. அத்தனைக்குப் பிறகும் பெண்களின் கை நிற்கவில்லை.

“பிள்ளைகள் பழகுறாங்களா?” என்று கேட்டேன். “மெஷின் ரேந்தை மலிவு, மிஸ். யாரும் வாறதில்ல” என்றார்.

நம்மிடம் சொல் மட்டும் மிஞ்சக் கூடாது. அடுத்த தவணை, இன்ஷா அல்லாஹ், என் வகுப்புப் பிள்ளைகளை அவரிடம் கூட்டிப் போவேன்.