செயற்கைப் பாலிபெப்டைடுகளின் சுருள் வடிவம்

ஆய்வகத்தில் அமினோ அமிலங்களைக் கோத்து உருவாக்கும் நீண்ட சங்கிலிகள் செயற்கைப் பாலிபெப்டைடுகள். அமினோ அமிலத்தின் என்-கார்பாக்சி நீரிலியைப் பலபடியாக்கியோ, பிசின் மணிகள்மீது ஒவ்வொன்றாகச் சேர்த்தோ இவற்றைத் தயாரிக்கிறார்கள். பிந்தைய முறையை மெரிஃபீல்டு 1963இல் வெளியிட்டார்.

சங்கிலியின் வடிவத்தில் கரைப்பானுக்குப் பெரும் பங்குண்டு. பாலி பென்சைல் குளூட்டமேட், குளோரோஃபார்மில் ஆல்ஃபா சுருளாக, விறைத்த கோல்போல நிற்கும்; சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். டைகுளோரோ அசிட்டிக் அமிலம் மிகுந்தால் உள் ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, சங்கிலி ஒழுங்கற்றுத் துவளும். தகுந்த கலவையில் இதைச் சூடாக்கினால் மீண்டும் சுருளாகும் என்பது பெருவியப்பு. நீரில் பாலி குளூட்டமிக் அமிலம் அமில நிலையில் சுருளும்; காரம் ஏறினால் மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்க, அவிழும். வட்ட இருநிற அளவீட்டில் 208, 222 நானோமீட்டரில் தெரியும் இரு பள்ளங்கள் ஆல்ஃபா சுருளின் அடையாளம்.

டெல்லி முனிர்காவை அடுத்த அருணா ஆசஃப் அலி சாலையிலுள்ள மரபணுப் பொறியியல், உயிரித்தொழில்நுட்பப் பன்னாட்டு மையத்தில் விரேந்தர் சிங் சௌகான் குழு, டீஹைட்ரோ ஃபினைல்அலனைன் சேர்த்த பெப்டைடுகளை ஆராய்ந்தது. அதன் இரட்டைப் பிணைப்பு சங்கிலியின் அசைவைக் கட்டுப்படுத்துவதால், சிறு பெப்டைடுகளும் சுற்றுக்கு 3 அமினோ அமிலங்கள் கொண்ட சுருளாகின்றன. இத்தகைய வடிவங்களை அளக்கும் அடித்தளத்தை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன் குழு அமைத்துத் தந்தது.